கச்சேரி டிக்கெட் விலை: ஊர்ப் பையன்கள் கேட்பதும் நான் சொல்வதும்

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரில் பிரிக்கிற வரிக்குப் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்ப் பெரிய கச்சேரியும் பார்த்துவிட்டு வருவேன். கச்சேரிக்குக் காசு பிரிக்கிறவனும் நான்தான், காசு கொடுத்துக் கேட்கிறவனும் நான்தான். அதனால் புதுக் கச்சேரி அறிவிப்பு வந்தால் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணாச்சி, ஒரு ராத்திரிப் பாட்டுக்கு ஐயாயிரம் ரூபாயா? இது அநியாயம் இல்லையா?

விலை கூடுதல், அது உண்மை. கூடுதல் என்பதாலேயே அநியாயம் ஆகிவிடாது. அரிசி விலை ஏறினால் வாங்காமல் இருக்க முடியாது. மேடைக்குப் பத்தடி தள்ளி நின்று பாட்டுக் கேட்காமல் இருக்கலாம், ஒன்றும் ஆகாது. நான் அநியாயம் என்று சொல்வது வேறு. சொன்ன விலை ஒன்று, கடைசியில் கணக்கிலிருந்து கழிகிற தொகை இன்னொன்று. படத்தில் காட்டிய இடம் ஒன்று, போய்ப் பார்த்தால் கிடைத்த இடம் இன்னொன்று. ஐந்நூறு ரூபாய் டிக்கெட்டிலும் இதைச் செய்யலாம், செய்கிறார்கள்.

நம்ம ஊர்க் கொடையில் விடிய விடிய சும்மாதானே கேட்டோம்?

சும்மா என்று யார் சொன்னது? என் நோட்டை வந்து பார்.

கொடைக்கு இரண்டு மாதம் முன்பே ஊர்க்கூட்டம் போட்டு ஒரு தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு வரி என்று முடிவு செய்வோம். வில்லுப்பாட்டுக்கு ஆள் பேசி அச்சாரம் கொடுக்க வேண்டும். புலவர், குடம், உடுக்கை, பின்பாட்டு என்று ஒரு வில்லுப்பாட்டுக் குழு வந்தால் அத்தனை பேருக்கும் சம்பளம், சாப்பாடு, வண்டி வாடகை. நையாண்டி மேளம் தனி. சுடலைமாடன் கோயில் என்றால் கணியான் கூத்துக்கு மகுடம் என்ற தோல்வாத்தியம் அடிக்கிறவர்கள் வரவேண்டும். கடைசி ராத்திரி பாட்டுக் கச்சேரி வேண்டும் என்று உங்களை மாதிரிப் பையன்கள்தான் அடம் பிடிக்கிறீர்கள்; கணக்கில் பெரிய தொகை அதுதான். மேடை, சீரியல் செட், ஜெனரேட்டர் எல்லாம் அதற்கு மேல்.

ஆக, வாசலில் டிக்கெட் கிழிக்கவில்லையே தவிர, உன் அப்பா முன்கூட்டியே உனக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து வந்து பாய் விரித்து உட்கார்கிறவருக்கும் சேர்த்துத்தான். அவர் ஊர்க் கொடைக்கு நாம் போய் உட்கார்வோம், கணக்கு நேராகிவிடும். தாராவியிலும் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிற நம் ஆட்கள் வரிக்கு மேலே அனுப்புவார்கள். அதற்கு மைக்கில் பேர் வாசிப்போம். காசு கூடக் கொடுத்தவருக்குக் கிடைப்பது அந்தப் பேர் மட்டும்தான். அவர் கேட்கிற பாட்டுத்தான் எல்லோருக்கும். பெரிய கச்சேரியில் கூடக் கொடுத்தவருக்கு முன்னால் சோபா கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் நம் ஊர் முறையை ரொம்பவும் தூக்கிவைத்துப் பேசவும் எனக்கு மனசு வரவில்லை. வரி கட்டும் உரிமையே எல்லோருக்கும் இருந்ததில்லை. எந்தத் தெருக்காரர் எங்கே நின்று கேட்கலாம் என்பதைப் பாட்டுக்காரர் தீர்மானிக்கவில்லை, ஊர் தீர்மானித்தது. பந்தலுக்கு வெளியே ரோட்டோரம் நின்று கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு அந்தக் கச்சேரி 'இலவசம்'தான். டிக்கெட் கொட்டகையில் காசு கொடுத்தவன் உட்கார்ந்தான். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் டிக்கெட்டைத் திட்டுவது சரியில்லை.

டிக்கெட் வருவதற்கு முன்னால் யார் காசு கொடுத்தார்கள்?

பெரும்பாலும் ஒருத்தர் கொடுப்பார், ஊர் கேட்கும். எட்டயபுரம் ஜமீன் சங்கீதக்காரர்களை ஆதரித்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் காலமானது அங்கேதான். காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்த கல்யாணங்களிலும் கோயில்களிலும் பணம் கொடுத்தது கல்யாண வீடும் கோயிலும். சுற்றி நின்று கேட்டவர்கள் ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டார்கள். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட இவர் வாசித்த 'சிங்கார வேலனே' வந்தபோதுதான், அவரைக் கேட்கத் தமிழ்நாடு முழுக்க டிக்கெட் வாங்கியது, அதுவும் சினிமா டிக்கெட்.

நாடகக் கம்பெனிகள்தான் நம் பக்கம் கொட்டகை போட்டு டிக்கெட்டைப் பழக்கியவை. தூத்துக்குடிப் பக்கம் பிறந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து விஷயம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று அங்கேயே மூன்று விலை. இன்றைக்கு அதற்கு சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பெயர். தரை டிக்கெட்டில் ஒரு வசதி உண்டு: மேடைக்குப் பக்கத்தில் இருப்பாய். இன்றைக்கு மலிவு டிக்கெட் என்றால் கடைசி.

நான் கொடுக்கிற காசு எங்கே போகிறது?

முதலில் அரசாங்கம். இசை நிகழ்ச்சி டிக்கெட் ஒருவருக்கு 500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. கிடையாது. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். வரி உள்பட 2,000 ரூபாய் என்று போட்டிருந்தால் அதில் சுமார் 305 ரூபாய் வரி. நடத்துகிறவர் கைக்கு 1,695 வரும். அதன் பிறகு டிக்கெட் விற்கும் செயலி தன் பங்குக்கு ஒரு முன்பதிவுக் கட்டணம் போடும், அந்தக் கட்டணத்துக்குத் தனி வரி.

மிச்சத்தில் பெரும் பங்கு பாடகருக்கும் அவர் கூட வருகிறவர்களுக்கும். கொடைக்கு ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ் செட் என்று வருகிற மாதிரி இல்லை. வாத்தியக்காரர்கள், கோரஸ், ஒலிப் பொறியாளர்கள் என்று ஒரு பஸ் நிறைய ஆட்கள். அப்புறம் மைதான வாடகை, மேடை, ஒலி, ஒளி, பெரிய திரை, தடுப்புக் கட்டை, தனியார் காவல், போலீஸ் பந்தோபஸ்து, தீயணைப்பு அனுமதி, ஆம்புலன்ஸ், காப்பீடு. மேடையில் பாடும் பாட்டுகளுக்கான உரிமக் கட்டணமும் உண்டு. இதெல்லாம் பத்தாயிரம் பேர் வந்தாலும் செலவு, இரண்டாயிரம் பேர் வந்தாலும் ஏறக்குறைய அதே செலவு. மழை வந்தால் நடத்துகிறவர் தலையில் துண்டு.

நடத்துகிறவர் ஏழை என்று நான் சொல்லவில்லை. விளம்பரதாரர் பணம், குளிர்பானக் கடை வாடகை, வண்டி நிறுத்தக் கட்டணம் என்று அவருக்கும் வேறு வாய்க்கால்கள் இருக்கின்றன. தண்ணீர் பாட்டிலை வெளியிலேயே பிடுங்கிவிட்டு உள்ளே இரண்டு மடங்குக்கு விற்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நிறைய கச்சேரிக்கு 499 என்று போடுகிறார்களே, செருப்புக் கடை மாதிரி?

செருப்புக் கடைக் காரணமும் இருக்கலாம். ஆனால் கணக்கைப் பார். 499-க்கு விற்றால் நடத்துகிறவருக்கு 499-ம் வரும். வரி உள்பட 550 என்று விற்றால் வரி போக அவருக்கு வருவது 466 தான். விலையைக் கூட்டி நஷ்டப்படுவானேன்? 590 வரை ஏற்றினால்தான் பழையபடி 500 கையில் நிற்கும். அதனால் 500-க்கும் 590-க்கும் நடுவில் விலை வைக்க யோசிப்பார்கள். 499 டிக்கெட் என்று ஒன்று இருந்தால் அதை முதலில் எடு.

பாடகர்கள் முன்னெல்லாம் இவ்வளவு கேட்கவில்லையே?

முன்னெல்லாம் அவர்கள் பாட்டை நாம் காசு கொடுத்து வாங்கினோம். ஜங்ஷன் பக்கம் ரெக்கார்டிங் கடையில் அறுபது நிமிட வெற்று கேசட்டைக் கொடுத்து, கோடு போட்ட தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கியவன் நான். (அந்தக் காசு பாடகருக்குப் போகவில்லை என்பது வேறு கதை. ஒரிஜினல் கேசட் வாங்கியவர்களும் இருந்தார்கள்.) இப்போது மாதம் நூறு ரூபாய்ச் சந்தாவில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கிறது. ஒரு தடவை கேட்டால் பாட்டுக்காரருக்குப் போவது பைசாக் கணக்கு. பாட்டு மலிவாகிவிட்டது, ஆளை நேரில் பார்ப்பது விலை ஏறிவிட்டது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பாமோல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1960-களில் எழுதியது. நால்வர் சேர்ந்து வயலின் கச்சேரி வாசிக்க அன்றைக்கு எத்தனை ஆள், எவ்வளவு நேரம் ஆனதோ அதேதான் இன்றைக்கும் ஆகிறது. கைத்தறியில் நாள் முழுக்க நெய்ததை விசைத்தறி சீக்கிரம் நெய்துவிடுகிறது, துணி மலிவாகிறது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் வேண்டிய இடத்தில் ஒரு தவில்காரரை வைத்து இரண்டு மடங்கு வேகத்தில் வாசிக்கச் சொல்ல முடியுமா? ஆனால் அவர் வீட்டு அரிசியும் பள்ளிக் கட்டணமும் மற்றவர்களோடு சேர்ந்துதான் ஏறும். அதனால் நேரில் கேட்கும் கலை எப்போதும் விலை ஏறிக்கொண்டேதான் போகும்.

விலையைக் குறைத்து வைத்தால் ஏழைப்பட்டவனும் போவானே?

போனால் நல்லதுதான். நடப்பது என்ன? நீ சின்ன வயசில் தியேட்டர் வாசலில் பார்த்திருக்க மாட்டாய், நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள், கவுன்ட்டர் மூடி அஞ்சு நிமிடத்தில் 'டுவென்ட்டி ஹண்ட்ரட், டுவென்ட்டி ஹண்ட்ரட்' என்று காதோரம் சத்தம் வரும். இருபது ரூபாய் டிக்கெட் நூறு ரூபாய். அந்த எண்பது ரூபாய் நடிகருக்கும் போகவில்லை, தியேட்டருக்கும் போகவில்லை. கோல்ட்பிளே குழு 2025 ஜனவரியில் நவி மும்பையில் பாடியபோதும் இதே கதைதான். 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை டிக்கெட் வைத்தார்கள். விற்றுத் தீர்ந்த கையோடு வெளியே லட்சக் கணக்கில் விலை சொன்னார்கள்.

அதனால் குறைந்த விலை மட்டும் போதாது, பூட்டும் வேண்டும். டிக்கெட்டில் பேர், வாசலில் அடையாள அட்டை, வரமுடியாதவர் வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுக்க ஒரு வழி. 2023-ல் தி கியூர் என்ற இங்கிலாந்துக் குழு அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து டிக்கெட் வைத்து, கைமாற்ற முடியாதபடியும் செய்து பார்த்தது. விற்கிற நிறுவனம் டிக்கெட் விலைக்கு மேல் கட்டணம் ஏற்றிவிட்டது. பாடகர் ராபர்ட் ஸ்மித் பொதுவில் சத்தம் போட்ட பிறகு, ஒரு டிக்கெட்டுக்கு 5, 10 டாலர் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டுக்காரர் நினைத்தால் கொஞ்சமாவது செய்ய முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். "எனக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை" என்று பெரிய பாடகர் யாராவது சொன்னால் நான் பாதிதான் நம்புவேன்.

வரிசையில் நிற்கும்போதே விலை ஏறுகிறதே, அது என்ன?

பொங்கலுக்கு ஊருக்கு வர ஆம்னி பஸ் பார்த்திருக்கிறாயா? அதுதான். ரயில்வேயின் பிரீமியம் தத்கலும் அதேதான். கூட்டம் கூடக் கூட விலை கூடும்.

2024-ல் ஓயாசிஸ் குழுவின் பிரிட்டன் கச்சேரிகளுக்கு நின்று பார்க்கும் டிக்கெட் 148.50 பவுண்டு என்று நம்பி மணிக்கணக்காக இணைய வரிசையில் காத்திருந்தார்கள். முறை வந்தபோது பலருக்கு அது 355.20 பவுண்டு. நம் காசில் ஏறக்குறைய 16,000 ரூபாய் 39,000 ஆனது. அந்த நாட்டுப் போட்டி ஆணையம் விசாரித்தபோது தெரிந்தது, கணினி நிமிடத்துக்கு நிமிடம் விலையை ஏற்றவில்லை. ஒரே மாதிரி டிக்கெட்டை இரண்டு விலையில் வைத்து, மலிவானது தீர்ந்ததும் மற்றதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

எனக்கு இதில் கோபம் வருவது விலையால் இல்லை. நாலு மணி நேரம் காத்திருந்தவன் 'வேண்டாம்' என்று சொல்லும் நிலையில் இருக்க மாட்டான். அது தெரிந்தே செய்கிற வியாபாரம் அது. ஆம்னி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பதினோரு மணிக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனிடம் விலை சொல்கிற மாதிரி.

எங்களுக்கு டிக்கெட்டை விட வழிச்செலவுதான் அடி. அதை யாரும் பேசுவதில்லையே?

சென்னைக்காரர்கள் பேசமாட்டார்கள், மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். போன தடவை என் கணக்கு இது: டிக்கெட் 2,000. ரயில் போக வர ஸ்லீப்பர் 800 சொச்சம். அறை வாடகை 1,500. ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,100. டிக்கெட்டை விட மற்றது கூட.

அறை ஏன் என்றால், கச்சேரி பத்து மணி வாக்கில்தான் முடியும். திறந்த வெளியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. கூட்டத்திலிருந்து வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம். அதற்குள் நெல்லை எக்ஸ்பிரஸ் விழுப்புரத்தைத் தாண்டியிருக்கும். வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. காலையில் இங்கிருந்து ஏறினால் மத்தியானம் சென்னை, போவதற்கு வசதி. திரும்பி வருவது மறுநாள் பிற்பகல்தான். ஆக இரண்டு நாள் லீவு. தினக்கூலிக்காரனுக்கு அந்த இரண்டு நாளும் காசு.

கச்சேரியைக் கடைசி நேரத்தில் தள்ளி வைத்தால் டிக்கெட் பணமாவது திரும்ப வரலாம். இந்த 3,400 வராது. டிக்கெட் எடுக்கும்போதே ரயில் முன்பதிவையும் செய்துவிடு, ரத்து செய்தால் கொஞ்சமாவது திரும்பும்.

விலை குறைந்த டிக்கெட் எடுத்தால் ஏமாந்து போவோமா?

ஒரு தடவை ஏமாந்தேன். வரைபடத்தில் மேடைக்கு நேர் எதிர் என்று காட்டிய பகுதி. போய்ப் பார்த்தால் முன்னால் ஒலி, ஒளி இயக்குகிற உயர மேடை. மூன்று மணி நேரம் ஒருத்தர் முதுகையும் இரண்டு மடிக்கணினியையும் பார்த்தேன். பாட்டு மட்டும் கேட்டது, அதுவும் இரட்டையாக.

இரட்டையாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால் மேடைச் சத்தம் கால் நொடிக்கு மேல் பிந்திக் கேட்கும். பக்கத்து ஸ்பீக்கர் அதற்கு முன்பே பாடிவிட்டால் ஒரே பாட்டு இரண்டு தடவை காதில் விழும். அதனால் நல்ல கச்சேரியில் நடுவிலே தனி ஸ்பீக்கர் கோபுரம் நட்டு, அதே அளவுக்கு ஒலியைத் தாமதப்படுத்தி விடுவார்கள். அதற்குச் செலவு ஆகும். செலவைச் சுருக்குகிறவர் முதலில் கை வைப்பது அங்கேதான். முன்வரிசைப் பிளாட்டினத்துக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நடத்துகிறவர் நியாயமானவரா என்று நான் பார்ப்பது கடைசி வரிசையில் நின்றுதான். முன்னால் ஐம்பதாயிரம் வைக்கட்டும். பின்னால் ஐந்நூறு கொடுத்தவனுக்கு வார்த்தை புரிகிற மாதிரி பாட்டுக் கேட்க வேண்டும், கழிப்பறை இருக்க வேண்டும்.

டிக்கெட் இருந்தும் உள்ளே விடவில்லை என்றால்?

நடந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் நெரிசல் தாங்காமல் டிக்கெட் வைத்திருந்த பலர் வாசலோடு திரும்பினார்கள். டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். எல்லோரும் அப்படிக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

டிக்கெட், பணம் கழிந்த செய்தி, வாசலில் எடுத்த படம், எல்லாம் வைத்துக்கொள். முதலில் நடத்தியவருக்கு எழுத்தில் கேள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கேதான் நமக்குச் சாதகமான விஷயம்: 2019-ஆம் ஆண்டு சட்டப்படி, கச்சேரி சென்னையில் நடந்திருந்தாலும் நீ குடியிருக்கும் ஊர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். திருநெல்வேலியிலேயே போடலாம், அவர்கள் வந்து பதில் சொல்லட்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் ஒரு விலை காட்டி, கடைசித் திரையில் கட்டணத்தை ஏற்றுவதும் 2023 நவம்பர் விதிமுறைகளில் தடை செய்யப்பட்ட தந்திரங்களில் ஒன்று. அதையும் படம் பிடித்து வை.

சினிமா டிக்கெட் மாதிரி இதற்கும் அரசு உச்சவரம்பு வைக்கலாமே?

வேண்டாம் என்பேன். வரம்பு வைத்தால் மிச்சம் பிளாக்கில் போகும், மேலே சொன்னதுதான். மொத்தத்தில் இத்தனை பங்கு டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று அனுமதி கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டால் அதை ஆதரிப்பேன்.

காசே இல்லாதவன் நல்ல பாட்டுக் கேட்க வழியே இல்லையா?

இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் திருவிழா. பெரும்பாலும் ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. பெரிய வித்வான்களே சம்பளம் வாங்காமல் பாடுகிறார்கள். மார்கழியில் சென்னை சபாக்களில் பல மத்தியானக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, வளரும் பிள்ளைகள் பாடுவார்கள். பத்து வருடம் கழித்து அவர்களுக்கே நீ ஆயிரம் ரூபாய் கொடுப்பாய். உனக்குப் பிடித்த சினிமாப் பாட்டுக்காரர் அங்கே வரமாட்டார், அதற்கு நான் என்ன செய்ய?

பெரிய கச்சேரியைத் திருநெல்வேலியிலேயே வைத்தால் விலை குறையுமா?

டிக்கெட் விலை குறையாது. ஸ்பீக்கரும் திரையும் சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வர வேண்டும். ஐயாயிரம் கொடுக்கிற ஆள் இங்கே அவ்வளவு பேர் இல்லை, அதனால் பின்வரிசைக்காரன்தான் கூடக் கொடுக்க வேண்டிவரும். ஆனால் 2,000 டிக்கெட் 2,300 ஆனாலும், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நடந்தால் என் நோட்டில் அந்த 3,400 இருக்காது. ஆட்டோவுக்கு நூறு ரூபாய். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவளுக்கு ரயிலில் ராத்திரி உட்கார்ந்து வர முடியாது. கொடையில் பாட்டுக் கச்சேரி நடக்கும்போது பத்தமடைப் பாயில் முதல் வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறவள் அவள்தான்.